எங்கள் ஊர்க் குன்றுக்கும் பாதுகாப்பு உண்டா?

கேள்வி: அரிட்டாபட்டி, பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக இருந்ததால்தான் டங்ஸ்டன் சுரங்கத் திட்டம் நின்றது என்கிறார்கள். எங்கள் ஊரில் இருப்பது மரங்கள் அதிகமில்லாத பாறைக் குன்று. அதற்கும் அந்தத் தகுதி கிடைக்குமா?
– வாசகர், மேலூர் வட்டாரம்

பதில்: கிடைக்கும். பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்பது உயிர்வளத்துக்காக அரசு அறிவித்துக் காக்கும் இடம். ஆனால் அறிவிப்பு மட்டுமே குன்றைக் காத்துவிடாது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரு ஊர்களில் அறிவிக்கப்பட்ட பரப்பு 193.42 ஹெக்டேர்தான். அதையும் உள்ளடக்கியே 2,015.51 ஹெக்டேர் கொண்ட நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி 2024இல் ஏலம் போனது. கிராமசபைகளும் சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் இயற்றி, ஊர் ஊராக மக்கள் மதுரை நோக்கித் திரண்ட பிறகே, 2025 ஜனவரி 23 அன்று அந்த ஏலம் ரத்தானது.

மரமில்லாத குன்றை வெறும் பாறை என்று எண்ண வேண்டாம். அதன் மேல் பெய்யும் மழை சரிவில் வழிந்து, சுனைகளில் தங்கி, மீதி ஓடைகளாக இறங்கிக் கண்மாயை நிரப்புகிறது. பாறை இடுக்கில் சேர்ந்த ஒரு பிடி மண்ணில் புல் முளைக்கிறது. ஆள் எட்டாத விளிம்புகளில் லகர் வல்லூறு போன்ற அரிய பறவைகள் தங்குகின்றன. குன்றை அறுத்தால் இவற்றோடு கண்மாயின் நீர்வரத்தும் போய்விடும். மேலூர் அருகே கீழவளவில், சமணத் துறவியரின் கற்படுக்கைகள் உள்ள குன்று தப்பியது, சுற்றியிருந்த பாறைகள் கிரானைட்டுக்காக அறுபட்டன. குன்றை மட்டும் தனியே காப்பது போதாது என்று நான் வலியுறுத்துவது அதனால்தான்.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், பிரிவு 37இன்படி, உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்தாலோசித்து மாநில அரசே தலத்தை அறிவிக்கிறது. பரப்பு சிறிதாயிருப்பது தடையன்று. அழகர்மலையை ஒட்டிய காசம்பட்டிக் கோயில்காடு 4.97 ஹெக்டேர்தான், 2025இல் அறிவிக்கப்பட்டது. பட்டா நிலத்துக்கு என்ன ஆகுமோ என்று ஊரார் அஞ்சினால், அறிவிப்பால் பாதிக்கப்படுவோருக்கு இழப்பீடும் மறுவாழ்வும் தரும் திட்டங்களுக்கு அதே பிரிவில் இடமிருப்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

முதலில் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவைக் கூட்டி, மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் குன்றின் உயிரினங்களோடு, சுனை, ஓடை, வரத்துக்கால், கண்மாய் ஒவ்வொன்றையும் புல எண்ணுடன் எழுத வையுங்கள். பிறகு, அந்த நீர்வழி முழுவதையும் எல்லையாகக் குறித்து, கிராமசபையில் தீர்மானம் நிறைவேற்றி, மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கு அனுப்புங்கள்.