போர்தோவின் பெரிய மணி: கேட்டவர்களுக்குப் பதில்கள்

தென்மேற்கு பிரான்சின் போர்தோ நகரில் 'க்ரோஸ் க்ளோஷ்' என்று ஒரு பழைய நகர வாசல் இருக்கிறது. பெரிய மணி என்று பொருள். ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை நான் முதலில் கூட்டிப்போகும் இடம் அதுதான். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: அண்ணா, படத்தில் பார்த்தால் கோட்டை வாசல் மாதிரியும் இருக்கிறது, தேவாலய மணிக்கூண்டு மாதிரியும் இருக்கிறது. எது சரி?

பதில்: வாசல் என்பது சரி, தேவாலயம் என்பது தவறு. 13ஆம் நூற்றாண்டு மதிலில் சென் எலுவா வாசல் என்று ஒன்று இருந்தது. அதன் மிச்சத்தின் மேல் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பியதுதான் இப்போது நாம் பார்க்கும் மணிக்கோபுரம். சுமார் 40 மீட்டர் உயரத்தில் இரண்டு வட்டக் கோபுரங்கள், நடுவில் மணி, அடியில் தெரு. சென் எலுவா தேவாலயம் அதை ஒட்டியே நிற்பதால் எல்லோருக்கும் இந்தக் குழப்பம் வரும். ஆனால் மணி நகரசபையுடையது. தீப்பிடித்தாலும், ஆபத்து வந்தாலும், திராட்சை அறுவடை தொடங்கினாலும் ஊருக்குச் சொன்னது இதுதான். பக்கத்தில் இருந்த பழைய நகரசபைக் கட்டடம் போய்விட்டது. மணிக்கோபுரம் மட்டும் தப்பி, நகரத்தின் சின்னத்திலும் ஏறிவிட்டது.

கேள்வி: கோபத்தில் ராஜா மணியைக் கழற்றிக்கொண்டு போனார் என்கிறார்களே, உண்மையா, வழிகாட்டிகள் அளக்கும் கதையா?

பதில்: உண்மைதான். 1548இல் உப்பு வரியை எதிர்த்துப் போர்தோ மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அரசரின் பிரதிநிதியையே கொன்றுவிட்டார்கள். இரண்டாம் ஹென்றி சும்மா விடுவாரா? மோன்மொரன்சி என்ற தளபதியைப் படையோடு அனுப்பினார். பலருக்கு மரண தண்டனை, நகரத்தின் உரிமைகள் பறிப்பு, அதோடு மணியையும் இறக்கிவிட்டார்கள். கூட்டம் கூட்ட மணி வேண்டும். அது இல்லாத ஊரை அடக்குவது சுலபம். ராஜா நல்ல கணக்குத்தான் போட்டிருக்கிறார். 1556இல்தான் மணி திரும்ப வந்தது. போர்தோக்காரர்கள் இதன்மேல் இவ்வளவு பாசம் வைத்திருப்பதற்கு அழகைவிட இந்தச் சம்பவமே பெரிய காரணம் என்பேன்.

ஒன்று கவனிக்க வேண்டும்: நீங்கள் இன்று பார்ப்பது அந்த மணி இல்லை. இது 1775இல் வார்த்தது. பெயர் ஆர்மாந்த்-லூயீஸ், எடை சுமார் 7,800 கிலோ. ஆயுதம் ஏந்த அழைக்கிறேன், நாளையும் நேரத்தையும் அறிவிக்கிறேன், புயலை விரட்டுகிறேன், விழாக்களுக்கு ஒலிக்கிறேன் என்று லத்தீனில் தன் வேலைகளைத் தானே சொல்லிக்கொள்கிறது. புயலை விரட்டும் வேலையை எந்த அளவு செய்ததோ!

கேள்வி: உச்சியில் தங்க நிறத்தில் ஒரு மிருகம் தெரிகிறதே?

பதில்: சிறுத்தை. இங்கிலாந்து அரசர்களின் அடையாளம். போர்தோ அடங்கிய அக்கித்தேன் நாட்டின் கோமகள் எலியனோர் 1152இல் மணந்துகொண்ட ஹென்றி, 1154இல் இங்கிலாந்து அரசரானார். அதிலிருந்து 1453 வரை இந்தப் பகுதி ஆங்கிலேய அரசர்களின் கையில் இருந்தது. பிரான்சின் நடுவே அந்த மிருகம் இன்னும் காற்றுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: உள்ளே சிறை இருந்ததாமே?

பதில்: ஆமாம். குறும்பு செய்து மாட்டிய இளைஞர்களை 19ஆம் நூற்றாண்டு வரை இங்கேதான் பூட்டி வைத்தார்கள். தடித்த மரக் கதவுகளையும் பூட்டுகளையும் பார்த்தால் தெரியும், தப்புவது நடக்காத காரியம். 'பொன் சிங்க விடுதி' என்று கிண்டலாகப் பெயர் வேறு.

கேள்வி: மணியோசை கேட்க எப்போது வரவேண்டும்?

பதில்: மாதத்தின் முதல் ஞாயிறு, நண்பகல். அப்புறம் ஜூலை 14 போன்ற தேசிய நாட்களிலும், 1944இல் ஜெர்மானியர் பிடியிலிருந்து நகரம் விடுதலையான ஆகஸ்ட் 28 அன்றும் அடிப்பார்கள். வாசலுக்கு நேர் அடியில் நிற்காதீர்கள், காது வலிக்கும். சென் ஜேம்ஸ் தெருவில் கொஞ்சம் தள்ளி நின்றால் மணி அசைவதும் தெரியும்.

கேள்வி: எனக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. ஏற முடியுமா, தம்பி?

பதில்: வேண்டாம் அம்மா. வளைந்து வளைந்து ஏறும் ஒடுங்கிய கல் படிகள், மின்தூக்கி கிடையாது. கீழே வாசல் வழியாக நடக்கக் காசும் இல்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை. கடிகார முகப்பை அங்கிருந்தே நிதானமாகப் பார்க்கலாம். வீட்டார் மேலே போவதென்றால் வழிகாட்டியோடுதான், சிறு குழுக்களாக அனுப்புவார்கள். நகரச் சுற்றுலா அலுவலகத்தில் முன்பதிவு செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: பாரிஸிலிருந்து காலையில் வந்து இரவே திரும்பலாமா? பே-பெர்லாந் கோபுரமும் பார்க்க ஆசை.

பதில்: தாராளமாக. மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து டிஜிவி எனும் அதிவேக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். சென்-ஜான் நிலையத்தில் இறங்கி சி டிராமில் போர்த் து பூர்கோஞ் நிறுத்தம் வரை வாருங்கள். அங்கே ஒரு வளைவு நிற்கும். அது 18ஆம் நூற்றாண்டுக்காரர், மத்தியகாலம் என்று ஏமாந்துவிடாதீர்கள். விக்டர் ஹியூகோ சாலையில் சில நிமிடம் நடந்தால் மணி வாசல். அங்கிருந்து அக்கித்தேன் அருங்காட்சியகம் கிட்டத்தான்; 1581 முதல் 1585 வரை இங்கே மேயராக இருந்த சிந்தனையாளர் மொந்தேனின் நினைவுக் கல்லறை உள்ளே இருக்கிறது. திங்களன்று மூடியிருக்கும்.

பே-பெர்லாந் என்பது பேராலயத்தின் மணிக்கூண்டு, தனியாக நிற்பது, 200க்கு மேல் படிகள். ஊரை மேலிருந்து பார்க்க அது நல்லது. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நான் மணி வாசலையே சொல்வேன். இரண்டும் என்றால் பே-பெர்லாந்தைக் காலையிலேயே ஏறி முடித்துவிடுங்கள், சாப்பிட்ட பிறகு அந்தப் படிகள் சரிப்படாது.