வரிசையாக ஒப்பிக்கிறார்கள், ஆனால் வாசிக்க வரவில்லையே?

கேள்வி: நான் யு.கே.ஜி. ஆசிரியை. வகுப்பில் 26 குழந்தைகள். உயிரெழுத்து, மெய்யெழுத்து எல்லாம் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள், பார்த்து எழுதவும் செய்கிறார்கள். ஆனால் நடுவிலிருந்து ஓர் எழுத்தைக் காட்டினால் முழிக்கிறார்கள். ‘படம்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லைக்கூடக் கூட்டி வாசிக்க வரவில்லை. பெற்றோரோ இன்னும் நிறைய எழுதச் சொல்லிக் கொடுத்தனுப்புங்கள் என்கிறார்கள். எங்கிருந்து சரிசெய்வது?

பதில்: சொல்லிக்கொடுத்ததைக் குழந்தைகள் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள். சொல்லிக்கொடுத்தது வரிசை, வந்திருப்பதும் வரிசை. நாளைக்கு ‘உ’வைக் காட்டிப் பாருங்கள். பல பேர் வாய்க்குள்ளேயே ‘அ, ஆ, இ, ஈ’ என்று ஓடிவந்துதான் ‘உ’வில் நிற்பார்கள். தனியாக நிற்கும் எழுத்துக்கும் அதன் ஒலிக்கும் இன்னும் முடிச்சு விழவில்லை.

ஆகவே 247 எழுத்தையும் முடித்துவிட்டு வாசிப்புக்குப் போகலாம் என்ற திட்டத்தை முதலில் கைவிடுங்கள். நாலைந்து எழுத்து தெரிந்த வாரத்திலேயே குழந்தை ஒரு சொல்லை வாசித்துவிட வேண்டும். அதற்கு உயிரெழுத்து அவ்வளவாக உதவாது. அது பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்தில்தான் தன் சொந்த உருவத்தில் வரும், மற்ற இடங்களில் கால், கொம்பு என்று குறியாகிவிடும். ட, ப, ம மூன்றோடு புள்ளி வைத்த ட், ம் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்கள் கைக்கு வந்துவிடும். பிறகு ர, க, வ, ல் சேர்ந்தால் மரம், வரம், கல், பல், பகல், கடல். உயிரெழுத்து வரிசை பாட்டாக ஒரு பக்கம் ஓடட்டும், அதைத் தடுக்க வேண்டாம்.

இனி ‘படம்’ ஏன் வரவில்லை என்று பார்ப்போம். குழந்தை என்ன சொல்கிறது என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். ‘ப, ட, இம்’ என்கிறதா? அல்லது ‘பானா, டானா, இம்’மா? இரண்டாவதில் எல்லாமே எழுத்தின் பெயர்கள், முதலாவதில் ‘இம்’ மட்டும். ‘பானா டானா இம்’ என்பதை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் படம் ஆகாது. குழந்தையின் திறமையில் குறை இல்லை, நாம் கொடுத்த பெயர்தான் குறுக்கே நிற்கிறது. எனவே வாசிப்பு நேரத்தில் கானா, பானாவுக்கு விடுமுறை விட்டு, க, ப என்று ஒலியை மட்டும் சொல்லுங்கள்.

புள்ளி எழுத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அதைத் தனியாகக் காட்டாமல் முன்னால் நிற்கும் எழுத்தோடு சேர்த்தே காட்டுங்கள். ‘ட’ ஓர் அட்டை, ‘ம்’ ஓர் அட்டை. ‘ட’வைச் சொல்லி வாயைத் திறந்தே வைத்திருக்கச் சொல்லுங்கள். ‘ம்’ அட்டையை மெல்ல நகர்த்திக்கொண்டு வந்து ‘ட’வோடு ஒட்டும்போது உதடு மூட வேண்டும். ‘ட…ம்’. இதை நாலு முறை விளையாடினால் ‘இம்’ தானாக உதிர்ந்துவிடும். அப்புறம் ப-டம், ம-ரம், ப-கல், க-டல் என்று இரண்டு துண்டாகப் பிரித்து வாசிக்கலாம். ‘பகல்’ என்பதைக் ‘கல்’லில் வரும் வல்லொலியோடு வாசித்தால் உடனே திருத்த வேண்டாம். தெரிந்த சொல்தானே, ஒரு கணம் தயங்கிக் குழந்தையே சரிசெய்துகொள்ளும்.

இதற்கெல்லாம் காது தயாராக இருக்க வேண்டும். தினமும் ஐந்து நிமிடம், எழுத்தே இல்லாமல், வாயால் மட்டும் விளையாடுங்கள். ‘படம்’ சொல்லில் ‘ப’வை எடுத்துவிட்டு ‘ம’ போட்டால் என்ன வரும்? ‘மரம்’ எப்படி முடிகிறது, அதே மாதிரி முடியும் இன்னொரு சொல் எது? இதில் தடுமாறும் குழந்தைதான் கூட்டி வாசிப்பதிலும் தடுமாறும் என்று பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

உயிர்மெய் அட்டவணையைச் சுவரில் மாட்டலாம், பாடமாக நடத்த வேண்டாம். 216 எழுத்து என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஒரு குறிக்கு ஒரு வேலை என்று எடுத்துக்கொண்டால் சுமை இறங்கிவிடும். துணைக்காலில் தொடங்குங்கள்: கல்-கால், பல்-பால், படம்-பாடம், வரம்-வாரம். கால் போட்டதும் பொருளே மாறுவதைப் பார்த்துக் குழந்தைகள் சிரிப்பார்கள், பிறகு மறக்க மாட்டார்கள். கையெழுத்தில் காலும் ‘ர’வும் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் ‘கா’வை ‘கர’ என்று வாசிப்பது சகஜம். கரும்பலகையில் நீங்கள் எழுதும்போது ‘ர’வின் அடியில் அந்தச் சாய்ந்த கோட்டைத் தெளிவாக இழுங்கள். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, இணைக்கொம்பு ஆகியவை பின்னால் வரட்டும். கண்ணுக்குக் கொம்பு முதலில் தெரிகிறது, ஒலி எழுத்துக்குப் பின்னால் வருகிறது, அது சின்னக் கண்ணைக் குழப்பும். கு, சு, டு, து என்ற வரிசைக்குப் பொதுவான ஒரே குறி இல்லை, ஒவ்வொன்றாகத்தான் பழக வேண்டும். யு.கே.ஜி. முடிவதற்குள் எல்லாம் வந்தாக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

கூட்டி வாசிப்பது பாதி வேலைதான். பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-இல் எளிமையாகச் சொன்ன கணக்கு இது: எழுத்தைக் கூட்டும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். தினம் ஒரு கதைப் புத்தகத்தை விரல் வைத்து வாசித்துக்காட்டுங்கள். நடுவில் நிறுத்தி ‘அடுத்து என்ன நடக்கும், ஏன்?’ என்று கேளுங்கள்.

இனி எழுதுவதற்கு வருவோம். வட்டத்தைப் பார்த்து வரைய ஏறக்குறைய 3 வயதில் வரும், கூட்டல் குறி 4-இல், சதுரம் 4-5-க்குள், முக்கோணம் 5 வாக்கில். சாய்கோடு தாமதமாகத்தான் கைக்கு வரும் என்பது இதிலேயே தெரிகிறது. அதனால் நேர்கோட்டில் அமையும் ட, ப முதலில். ம, ய போன்றவை அடுத்து. சுழிகள் நிறைந்த அ, இ, ஐ பிறகு. களிமண் பிசைவது, காகிதம் கிழித்து ஒட்டுவது, செங்குத்தான பலகையில் எழுதுவது எல்லாம் விரலுக்கான பயிற்சி. உடைந்த குட்டி கிரேயானைத் தூக்கிப்போடாதீர்கள், அதை மூன்று விரலால் மட்டும்தான் பிடிக்க முடியும். ஒரே எழுத்தை ஒரு பக்கம் நிறைய எழுதச் சொன்னால் மூன்றாம் வரியிலிருந்து குழந்தை எழுத்தைப் பார்ப்பதே இல்லை, மேல்வரியைத்தான் படம்போல வரைகிறது. ஐந்து முறை, ஒலியைச் சொல்லிக்கொண்டே எழுதினால் போதும். அப்புறம் தானாக ஒரு சொல்லை எழுதட்டும். ‘மரம்’ என்பதை ‘மம்’ என்று எழுதினால், முதல் ஒலியும் கடைசி ஒலியும் காதில் விழுந்திருக்கின்றன, நடுவில் ஒன்றுதான் பாக்கி. சிவப்பு மையில் அடிக்காதீர்கள்.

26 பேரையும் ஒன்றாக வைத்து இதைச் செய்ய முடியாது. ஐந்தாறு பேராகப் பிரித்து ஒரு குழுவோடு பத்து நிமிடம் உட்காருங்கள், மற்றவர்கள் களிமண்ணிலோ படப்புத்தகத்திலோ இருக்கட்டும். வாரம் ஒருமுறை அட்டைகளைக் கலைத்துப்போட்டு யாருக்கு எது தெரிகிறது என்று குறித்துக்கொண்டால் அடுத்த வாரக் குழு அதிலிருந்தே அமையும்.

பெற்றோருக்கு, அன்று வாசித்த நான்கு சொற்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்புங்கள், குழந்தை வாசித்துக்காட்டட்டும். பிள்ளை வாசிப்பதைக் கண்ணால் பார்த்த வீட்டில் நோட்டு நிறைய எழுதக் கேட்பது குறைந்துவிடும். எழுத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திருப்பிப் போடுவது இந்த வயதில் சாதாரணம், அதற்காக யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டு மூன்று மாதம் இப்படி உழைத்தும் ஒலி விளையாட்டிலேயே ஒரு குழந்தை பின்தங்கி நின்றால், எந்தக் குறைபாட்டின் பெயரையும் சூட்டாமல், முதலில் காதையும் கண்ணையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.