டி.எம்.டி. 'நெகட்டிவ்' என்றால் பயம் தீர்ந்ததா?

தொண்டிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "கடலுக்குப் போகிற என் வீட்டுக்காரருக்கு வயது 52. ஐந்து வாரத்துக்கு முன் மாரடைப்பு வந்து மதுரையில் ஸ்டென்ட் வைத்தார்கள். இனிமேல் இதயச் செயலிழப்பு வருமா என்று டி.எம்.டி. (ஓடும் பட்டையில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கும் டெஸ்ட்) எடுத்தால் இப்போதே தெரியும் என்கிறார் ஒருவர். வேனில் கூட்டிப்போய் எல்லா டெஸ்ட்டும் பேக்கேஜாக எடுத்துத் தருவாராம். போகலாமா?"

டி.எம்.டி. எடுக்கலாம். அந்த வேனில் ஏற வேண்டாம்.

இதயச் செயலிழப்பு என்றதும் இதயம் பட்டென்று நின்றுவிடும் என்று பலர் நடுங்குகிறார்கள். அது வேறு. மாரடைப்பில் கொஞ்சம் தசை செத்துவிடுகிறது. மீதித் தசை பாரம் தாங்காமல் மெல்லத் தளர்கிறது. 'பம்பிங் கம்மி' என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். அதை முதலில் காட்டுவது எக்கோ, அதாவது இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன். பம்பிங் எவ்வளவு என்று டிஸ்சார்ஜ் தாளில் சதவீதமாக எழுதியிருக்கும். 50க்கு மேல் என்றால் நல்லது. 40 அல்லது அதற்கும் கீழே என்றால் டி.எம்.டி.க்காகக் காத்திருக்காமல் மருந்தைச் சரிசெய்ய வேண்டும். டாக்டர்களாகிய நாங்கள் அந்தத் தாளை ஆங்கிலத்தில் அடித்துக் கையில் திணித்து 'அடுத்த மாதம் வாங்க' என்று அனுப்புகிறோம். தமிழில் ஒரு வரி எழுதித் தர எங்களுக்கு என்ன கேடு?

சரி, டி.எம்.டி.க்கு வருவோம். ஓடும் பட்டையில் நடக்க விடுவார்கள். பொதுவாக 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். ரிப்போர்ட்டில் எல்லாரும் தேடுகிற 'பாசிட்டிவ், நெகட்டிவ்' இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பற்றியது. உங்கள் கேள்விக்குப் பதில் மற்ற வரிகளில் இருக்கிறது. எத்தனை நிமிடம் நடந்தார், மெட்ஸ் (உடல் எவ்வளவு உழைத்தது என்ற அளவு) எத்தனை என்று பாருங்கள். சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட். 5ஐக்கூட எட்டாமல் மூச்சு வாங்கி இறங்கினால் கவனமாக இருக்க வேண்டிய ஆள். நடக்க நடக்க ரத்த அழுத்தம் ஏற வேண்டும். இறங்கினால் கெட்ட அறிகுறி. ஆனால் இது ஜாதகம் இல்லை. யாரை அடிக்கடி பார்க்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லும், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை அவருக்குக் கொடுத்திருப்பார்கள். 'டெஸ்ட்டுக்கு 2 நாள் முன்னால் நிறுத்திவிட்டு வாங்க' என்று லேபில் சொல்வார்கள். அது புதிதாக அடைப்பு இருக்கிறதா என்று தேடுகிறவர்களுக்கான பேச்சு. இவருக்கு அடைப்பு தெரிந்து ஸ்டென்டும் வைத்தாயிற்று. மாத்திரையோடு இவர் எவ்வளவு தாங்குகிறார் என்பதுதான் நமக்கு வேண்டும். திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி திரும்பலாம், இன்னொரு மாரடைப்பே வரலாம். அவருடைய டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. மாத்திரை போட்டிருந்தால் துடிப்பு, டெஸ்ட்டில் எட்ட வேண்டிய இலக்கைத் தொடாமல் போகலாம். அப்போது 'டெஸ்ட் முழுமையில்லை' என்று அச்சாகும். இங்கேதான் புரோக்கர் நுழைவார்: மறுபடி எடுங்கள், ஆஞ்சியோ பண்ணுங்கள் என்பார். மாத்திரை தன் வேலையைச் செய்கிறது, அதனால் துடிப்பு ஏறவில்லை. நடந்த நிமிடமும் ரத்த அழுத்தமும் அப்போதும் உண்மையைத்தான் சொல்லும்.

அந்த வேன்காரருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன். மாரடைப்பு வந்து ஐந்து வாரமான மனிதர் பட்டையில் ஏறும்போது டாக்டர் அந்த அறையிலேயே இருக்க வேண்டும், ஷாக் கொடுக்கும் மெஷின் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டையும் கேளுங்கள், மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். கால் வீங்கியிருந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, சும்மா இருக்கும்போதே நெஞ்சு வலித்தாலோ டெஸ்ட் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டெஸ்ட்டை ஸ்டென்ட் வைத்த இடத்திலேயே கேளுங்கள். பத்து நிமிட நடைக்காகத் தொண்டிக்காரர் மதுரைக்கு ஒரு நாளைத் தொலைக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கும் ஆத்திரம்தான்.

அப்புறம், கடலுக்கு எப்போது போகலாம் என்பதை இந்த ரிப்போர்ட் மட்டும் சொல்லாது. பட்டையில் வேலை செய்வது கால்; படகில் வேலை செய்வது கை. மூச்சைப் பிடித்து வலை இழுக்கும்போதும் நங்கூரம் தூக்கும்போதும் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். 'மீன்பிடித் தொழில்' என்று மட்டும் சொல்லாமல், என்னென்ன தூக்குகிறார், எத்தனை மணி நேரம் இழுக்கிறார் என்று டாக்டரிடம் விளக்கிக் கேளுங்கள். அவர் சம்மதித்த பிறகு கிளம்பினாலும், இரவு கடலில் தங்குகிற நாட்களில் வேளை மாத்திரையும், நெஞ்சு வலித்தால் நாக்கடியில் வைக்க டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையும் தண்ணீர் புகாத டப்பாவில் படகிலேயே இருக்கட்டும். டப்பா எங்கே இருக்கிறது என்று கூட வருகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.