டூட்டி மாறும் நேரம்

அன்புள்ள அக்கா,

நான் செவிலியராகச் சேர்ந்து 2 வருஷம் ஆகிறது. பட்டப்படிப்பு படித்துவிட்டு வந்தேன். எங்கள் வார்டில் டிப்ளமா முடித்த மூத்தவர்கள் என்னை 'புத்தக சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். போன மாதம் என் நைட் டூட்டியில் ஒரு நோயாளிக்கு ட்ரிப் ஓடிய கை வீங்கிவிட்டது. காலையில் வந்த சீனியர், நோயாளியும் அவர் மகளும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என்னைச் சத்தம் போட்டார். ஆள் போதவில்லை என்று மனு கொடுக்க 14 பேர் சேர்ந்து பேசினோம். கையெழுத்துப் போடும் நாளில் 5 பேர்தான் மிஞ்சினோம். டாக்டர்களுக்கு ஒன்று என்றால் எல்லாரும் கூடிவிடுகிறார்கள். நமக்குள் மட்டும் ஏன் ஒற்றுமையே இல்லை? வேறு வேலைக்குப் போய்விடலாமா என்று இருக்கிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த சீனியர் நின்ற இடத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

வேலையில் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். காலை 7 மணி. நைட் பார்த்த பெண் ஒவ்வொரு படுக்கையாக ஒப்படைத்துக்கொண்டே வந்தாள். 12ஆம் படுக்கையில் ஒரு பெரியவர். ட்ரிப் போட்டிருந்த கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பொதபொதவென்று வீங்கியிருந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது. திரவம் ரத்தக்குழாயைவிட்டு வெளியேறித் தோலுக்கடியில் இறங்கியிருந்தது. "ராத்திரி முழுக்க என்னதான் பார்த்தாய்?" என்று அங்கேயே கேட்டேன். அவள் வாயைத் திறக்கவில்லை. கையிலிருந்த கேஸ் ஷீட் மட்டும் லேசாக ஆடியது.

மறுநாள் ராத்திரி அந்தப் பெரியவர் அவளிடம் கையை நீட்ட மறுத்துவிட்டார். "காலையில் வரும் சிஸ்டர் வரட்டும்" என்று ஒரே பிடிவாதம். 10 மணிக்குப் போட வேண்டிய ஆன்டிபயாடிக், பக்கத்து வார்டிலிருந்து ஒருவர் வந்து போட்டபோது 1 மணி. நான் வாங்கிக் கொடுத்த தாமதம் அது. அப்புறம் விசாரித்தால், முந்தின ராத்திரி அவள் ஒருத்திக்கு 31 நோயாளிகள். நடுவில் ஒருவருக்கு மூச்சுத்திணறல் வந்து, 2 மணியிலிருந்து 4 மணிவரை அந்தப் படுக்கையைவிட்டு நகர முடியாமல் நின்றிருக்கிறாள்.

அதற்காக வீங்கிய கையைப் பற்றிக் கேட்காமல் விட்டிருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ட்ரிப்பை நிறுத்தி, ஊசியை எடுத்து, கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துவிட்டு, அவளை உள்ளே கூப்பிட்டு "என்ன ஆச்சு?" என்று கேட்டிருக்க வேண்டும். கேள்வி அதேதான். கேட்ட இடம்தான் தப்பு.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நம்மில் சிலருக்கு ஒற்றுமை என்றால் ஒருவர் தப்பை இன்னொருவர் மறைப்பது. போடாத மருந்துக்குப் போட்டதாகக் கையெழுத்து, பார்க்காத ரத்த அழுத்தத்துக்கு முந்தின எண்ணையே எழுதி வைப்பது, "நம்ம பொண்ணுதானே" என்று இன்சார்ஜும் கண்டுகொள்ளாமல் விடுவது. பன்னாட்டுச் செவிலியர் மன்றம் 1953இல் ஏற்றுக்கொண்டு, அவ்வப்போது திருத்திவரும் நெறிமுறை ஒன்று இருக்கிறது. கூட வேலை செய்பவர்களை மதித்து நடக்க வேண்டும் என்கிறது. அப்படிக் கூட இருப்பவராலேயே நோயாளிக்கு ஆபத்து என்றால் தடுக்க வேண்டும் என்றும் அதுவே சொல்கிறது. இரண்டையும் ஒரே ஆள், சில நாள் ஒரே ஷிஃப்டில், செய்ய வேண்டியிருக்கும். கஷ்டம்தான்.

டாக்டர்கள் ஒற்றுமையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர்கள் சண்டை அறைக்குள் நடக்கிறது, நம் சண்டை வார்டு நடுவில் நடக்கிறது, அவ்வளவுதான்.

சரி, 'புத்தக சிஸ்டர்' விஷயத்துக்கு வருகிறேன். படித்தவளா, பழகியவளா என்ற இந்தத் தகராறு நம் தொழில் அளவுக்குப் பழையது. எத்தல் பெட்ஃபோர்டு ஃபென்விக், 24 வயதில் லண்டனின் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் மேட்ரன், அதாவது தலைமைச் செவிலியர், ஆனவர். செவிலியருக்கு முறையான பயிற்சி, தேர்வு, பதிவேடு வேண்டும் என்று 1887இல் சங்கம் தொடங்கினார். எதிர்த்து நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலேதான். நல்ல செவிலியை அவள் குணத்தில் பார்க்க வேண்டும், அதைத் தேர்வு வைத்து அளக்க முடியாது என்பது அவர் கட்சி. செவிலியர்களே இரண்டாகப் பிரிந்து 30 வருஷத்துக்குமேல் மல்லுக்கட்டினார்கள். நியூசிலாந்து 1901லேயே பதிவுச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. இங்கிலாந்தில் 1919 வரை இழுத்தது. நைட்டிங்கேல் 1910லேயே காலமாகிவிட்டார். பதிவேடு திறந்தபோது அதில் முதல் எண் ஃபென்விக்குடையது. 1899இல் பன்னாட்டுச் செவிலியர் மன்றத்தைத் தொடங்கி வைத்தவரும் இந்தச் சண்டைக்கார அம்மாதான்.

எனக்குக் கேட்டால் இரண்டு பேர் சொன்னதும் சரி. பதிவேடு இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கலாம். அதே சமயம், முகத்தைப் பார்த்தே "இவருக்கு என்னவோ சரியில்லை" என்று சொல்லும் கண் எந்தத் தேர்வுத்தாளிலும் வராது. அந்தக் கண் உங்கள் வார்டு மூத்தவர்களில் யாருக்காவது கட்டாயம் இருக்கும். போய்க் கற்றுக்கொள்ளுங்கள். பட்டப்பெயர் வைத்தவரிடம் கேட்டுக் கற்பதில் கொஞ்சம் ரோஷம் போகும், போகட்டும்.

இனி மனு. 14 பேர் 5 பேரானதற்கு அந்த 9 பேரைத் துரோகிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள். டூட்டி பட்டியல் போடும் கை யாருடையதோ அவரைப் பார்த்து எல்லாருக்கும் பயம் உண்டு. குழந்தைக்குக் காய்ச்சல் என்று அடுத்த மாதம் அவரிடம்தான் லீவு கேட்டு நிற்க வேண்டும். அவர்களிடம் கையெழுத்து கேட்காதீர்கள், கணக்கு கேளுங்கள். ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு ஷிஃப்டிலும் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர்கள், எந்த வேலை விட்டுப்போனது, எந்த மருந்து எவ்வளவு தாமதம். கையெழுத்துக்குப் பயப்படுபவர்கூட இதைச் சொல்லிவிடுவார். நோயாளி பெயர் மட்டும் அதில் வரக் கூடாது. மேலே இருப்பவர்கள் குறையைத் தள்ளிவிடுவார்கள், எண்ணைத் தள்ளுவது கஷ்டம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியருக்குக் கூடுதலாக ஒவ்வொரு நோயாளி சேரும்போதும், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகக் கண்டார்கள். உங்கள் ஒரு மாதக் கணக்கோடு அதையும் சேர்த்து வையுங்கள். அப்போது மனு நம் சௌகரியத்தைப் பற்றியதாக இருக்காது.

வேறு வேலைக்குப் போவதில் தப்பொன்றும் இல்லை. எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள், நானும் ஒரு வார்டை விட்டு ஓடியவள்தான். போவதற்கு முன்னால் மட்டும், டூட்டி முடிந்து உடை மாற்றும் நேரத்தில் அந்த சீனியரைத் தனியாகப் பிடித்து, "தப்பிருந்தால் உள்ளே கூப்பிட்டுச் சொல்லுங்கள் அக்கா, நோயாளி முன்னால் வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். 12ஆம் படுக்கை முன்னால் என்னிடம் திட்டு வாங்கிய அந்த நைட் டூட்டிப் பெண் மூன்று வாரம் கழித்து என்னிடம் சொன்ன வார்த்தை இது. கேட்டதும் எனக்குச் சுருக்கென்று கோபம்தான் வந்தது. அடுத்த நைட் டூட்டியில் அவள்தான் எனக்கு ஜோடி.

அன்புடன்,
அக்கா