வாசகர் கேள்வி பதில்: பழி குவார்ட்டர்பேக்குக்கு மட்டும்தானா?

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைப் பற்றியவை; நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் எடுத்து ஓடியும் எறிந்தும் ஆடுவது. பிள்ளைகளை அங்கே படிக்க வைத்திருக்கும் பெற்றோரும், அங்கேயே படித்து அங்கேயே வேலையில் அமர்ந்துவிட்டவர்களும் தத்தம் அணியின் தோல்விக்கு ஆளுக்கொரு காரணம் எழுதியிருக்கிறார்கள். அணிகளின் பெயர்களை நீக்கிவிட்டுப் படித்தால் மிஞ்சும் புகார் ஒன்றுதான்: எங்கள் குவார்ட்டர்பேக் சரியில்லை, எதிரணியின் பாஸ்களையும், அதாவது அவர்கள் எறியும் பந்துகளையும், எங்களால் தடுக்க முடியவில்லை. ஆகவே இந்த வாரப் பகுதியை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: என் மகன் டெக்சாஸில் படிக்கிறான். சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் அவனும் அவனுடைய அப்பாவும் தொலைபேசியில் சண்டையிடத் தொடங்கிவிடுகிறார்கள். குவார்ட்டர்பேக் என்பவர் யார்? அவரை ஏன் இப்படித் திட்டித் தீர்க்கிறார்கள்? (ஒரு வாசகி)

பதில்: களத்தில் அணிக்குப் பதினொரு பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். ஒவ்வொன்றையும் ஒரு ‘டவுன்’ என்பார்கள். அந்த நான்குக்குள் பத்து யார்டு முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு கிடைக்கும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஏறக்குறைய ஒவ்வொரு டவுனிலும் பந்து முதலில் வந்து சேர்வது குவார்ட்டர்பேக்கின் கையில். அதை ஓட்டக்காரரிடம் கொடுக்கலாம், தானே எடுத்துக்கொண்டு ஓடலாம், அல்லது முன்னே ஓடிக்கொண்டிருக்கும் ரிசீவருக்கு எறியலாம். எறிவதென்று முடிவு செய்தால் இரண்டரை அல்லது மூன்று விநாடிக்குள் பந்து கையை விட்டுப் போயாக வேண்டும். அதற்குமேல் தாமதித்தால் நூற்றிருபது கிலோவுக்கும் மேற்பட்ட எடையுள்ள ஓர் ஆள் அவர்மீது வந்து விழுவார். தொலைக்காட்சிக் கேமரா எப்போதும் பந்தையே பின்தொடர்வதால் பாராட்டும் வசவும் பந்து வைத்திருப்பவருக்கே போகின்றன. அந்த இரண்டரை விநாடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள பதில்களில் அது அடிக்கடி வரும்.

கேள்வி: எங்கள் குவார்ட்டர்பேக் இரண்டு ஆட்டங்களில் ஐந்து முறை பந்தை எதிரணியின் கையிலேயே எறிந்துவிட்டார். பெஞ்சில் திறமையான முதலாமாண்டு மாணவர் ஒருவர் காத்திருக்கிறார். பயிற்சியாளர் ஏன் இன்னும் தயங்குகிறார்? (ஒரு வாசகர், டல்லஸ்)

பதில்: இப்படிக் கேட்பவர்கள் எல்லோருடைய மனத்திலும் 2018 ஜனவரி 8 இரவு இருக்கிறது. அட்லாண்டாவில் நடந்த தேசிய இறுதியாட்டத்தில் ஜார்ஜியாவிடம் 13–0 என்று பின்தங்கியிருந்த அலபாமா, இடைவேளைக்குப் பின் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு முதலாமாண்டு மாணவர் டுவா டகோவைலோவாவைக் களமிறக்கியது. ஹர்ட்ஸ் தொடக்கத்திலிருந்து ஆடிய ஆட்டங்களில் அந்த அணி அதுவரை தோற்றது இரண்டே முறை என்பதை எண்ணினால், பயிற்சியாளர் நிக் சேபனின் துணிச்சல் புரியும். அலபாமா கூடுதல் நேரத்தில் 26–23 என்று வென்றது.

ஆனால் அந்த ஆட்டத்தின் கடைசி இரண்டு டவுன்களைத் தனியே எடுத்துப் பார்த்தால் கதை அவ்வளவு நேராக இல்லை. கூடுதல் நேரத்தில் பந்து எதிரணியின் 25 யார்டு கோட்டில் வைக்கப்படும். முதல் டவுனில் டுவா பந்தை விடாமல் வைத்துக்கொண்டு பின்னால் பின்னால் ஓடி, 16 யார்டு இழந்து மண்ணைக் கவ்வினார். அந்த நொடியில் ஆட்டம் முடிந்திருந்தால் ‘அனுபவம் இல்லாத பையனை இறக்கிக் கெடுத்தார்கள்’ என்று மறுநாள் எழுதியிருப்பார்கள். அடுத்த டவுனில் அதே கை, அதே இடம், ஆனால் கண்கள் மட்டும் வேறு திசையைப் பார்த்தன. அவர் பார்த்த பக்கத்தை நம்பி ஜார்ஜியாவின் சேஃப்டி (கடைசி வரிசைக் காவலர்) ஒரு கணம் தாமதித்துவிட்டார். இடது எல்லைக்கோட்டை ஒட்டி ஓடிய டெவான்டா ஸ்மித்தைத் தேடி 41 யார்டு தாண்டி வந்தது பந்து. ஒரே ஆள் அடுத்தடுத்த இரண்டு டவுன்களில் மிக மோசமானவராகவும் மிகச் சிறந்தவராகவும் இருந்தார்.

எனவே ஐந்து இன்டர்செப்ஷன் என்ற எண்ணிக்கையை வைத்து நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆட்டத்தின் பதிவு கிடைத்தால் அந்த ஐந்தையும் மறுபடி பாருங்கள். அவரைச் சுற்றி யாரும் இல்லாமல், போதிய நேரம் இருந்தும், ஒரே ரிசீவரையே உற்றுப் பார்த்து எறிந்து பறிகொடுத்தாரென்றால் குறை அவருடையது. மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை. இரண்டு விநாடி ஆவதற்குள் ஒருவர் காலைப் பிடித்திருக்க, விழுந்துகொண்டே எறிந்து பறிகொடுத்தாரென்றால் குறை அவருக்கு முன்னே நிற்கும் ஐந்து லைன்மேன்களுடையது. அந்த ஐவருக்குப் பின்னால் முதலாமாண்டு மாணவரைக் கொண்டுபோய் நிறுத்தினால், அவர் மிக வேகமாக ஓடக்கூடியவராக இருந்தாலொழிய, அவருக்கும் அதே கதிதான்.

கேள்வி: மாற்று குவார்ட்டர்பேக்கை இறக்குவதால் என்ன நஷ்டம்? பிடிக்கவில்லையென்றால் பழையவரைத் திரும்பக் கொண்டுவரலாமே? (அதே வாசகரின் நண்பர்)

பதில்: முன்பு கொண்டுவரலாம். 2018 அக்டோபரில், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயரைப் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் தொடங்கியது. 2021 முதல் ஒரு பருவம் வெளியே உட்காராமலே வேறு கல்லூரிக்கு மாற முடிகிறது. அதே ஆண்டு ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரை வைத்துப் பணம் ஈட்டவும் முடிகிறது. உட்கார வைக்கப்பட்டவர் அடுத்த பருவம் வரை காத்திருப்பார் என்று இப்போது எந்தப் பயிற்சியாளரும் கணக்குப் போடுவதில்லை.

கிளெம்சனில் நடந்ததைப் பாருங்கள். 2018இல் முதல் நான்கு ஆட்டங்களையும் வென்றிருந்தும் கெல்லி பிரையன்ட்டை விலக்கி, டிரெவர் லாரன்ஸை முதல் ஆளாக அறிவித்தார்கள். நான்கு ஆட்டங்களுக்கு மேல் ஆடாதவருக்கு அந்த ஆண்டு அவர் ஆட அனுமதிக்கப்பட்ட ஆண்டுகளின் கணக்கில் சேராது என்ற புதிய விதி அப்போதுதான் வந்திருந்தது. பிரையன்ட் உடனே விலகினார். அந்த வாரமே சிரக்கியூஸுக்கு எதிராக லாரன்ஸ் அடிபட்டு வெளியேற, அதுவரை யாரும் பெரிதாக எண்ணாத சேஸ் பிரைஸ் உள்ளே வந்து 94 யார்டு அணியை நகர்த்தி 27–23 என்று காப்பாற்றினார். கிளெம்சன் அந்தப் பருவத்தில் 15 ஆட்டங்களையும் வென்று பட்டம் பெற்றது என்பதால் முடிவு சரியென்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படியே நினைக்கிறேன். ஆனாலும் அந்த 94 யார்டு இல்லையென்றால் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

கேள்வி: எங்கள் பாஸ் டிஃபென்ஸ் ஒவ்வோர் ஆட்டத்திலும் முந்நூறு யார்டுக்கு மேல் விட்டுக்கொடுக்கிறது. தடுப்பாட்டப் பயிற்சியாளரை நீக்க வேண்டுமென்று நான் சொல்ல, என் அலுவலக நண்பர் ‘நாம் வென்றுகொண்டுதானே இருக்கிறோம்’ என்று சிரிக்கிறார். யார் சொல்வது சரி? (ஒரு வாசகர், ஹியூஸ்டன்)

பதில்: நண்பர் சிரிப்பதில் பாதி நியாயம் உண்டு. பின்தங்கிய அணி எறிந்துகொண்டேதான் இருக்கும். முன்னிலையில் இருக்கும் அணியின் கணக்கில் யார்டுகள் ஏறிக்கொண்டேதான் போகும். மொத்த யார்டை விட்டுவிட்டு, ஓர் எறிதலுக்கு எத்தனை யார்டு என்று வகுத்துப் பாருங்கள்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது 2016 அக்டோபர் 22 அன்று லப்பக்கில் நடந்த ஆட்டம். டெக்சாஸ் டெக்கின் பாட்ரிக் மகோம்ஸ் 88 முறை எறிந்து 734 யார்டு சேர்த்தார். ஓக்லஹோமாவின் பேக்கர் மேஃபீல்டு 36 முறை எறிந்து 545 யார்டும் ஏழு டச்டவுனும் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) எடுத்தார்; அவரும் அதற்கு முன் டெக்சாஸ் டெக்கில் ஆடியவர்தான். ஓக்லஹோமா 66–59 என்று வென்றது. 734 யார்டு கொடுத்த டிஃபென்ஸ் என்று ஓக்லஹோமாவைக் கேலி செய்யலாம். ஆனால் வகுத்தால் அவர்கள் ஓர் எறிதலுக்குக் கொடுத்தது எட்டு யார்டுக்குச் சற்று மேல். டெக்சாஸ் டெக் கொடுத்ததோ பதினைந்து. (இரண்டுமே பெருமைப்படும் எண்கள் அல்ல. அன்று இரண்டு தடுப்பாட்டப் பயிற்சியாளர்களும் தூங்கியிருக்க வாய்ப்பில்லை.)

இன்னொரு நுணுக்கமும் உண்டு. தொழில்முறை லீக்கில், எறியும் முன்பே குவார்ட்டர்பேக் வீழ்த்தப்பட்டால், அதாவது ‘சாக்’ ஆனால், இழந்த யார்டுகள் அணியின் பாஸ் கணக்கிலிருந்து கழிக்கப்படும். கல்லூரி ஆட்டத்தில் அவை ஓட்டக் கணக்கில் கழிக்கப்படுகின்றன. ஆகையால் நான்கு முறை சாக் செய்து எதிரணியை முப்பது யார்டு பின்னுக்குத் தள்ளிய டிஃபென்ஸுக்கும் பாஸ் பட்டியலில் ஒரு யார்டுகூடக் குறையாது. ஓட்டத்தைத் தடுப்பதில் அது கில்லாடி என்று மட்டும் பட்டியல் காட்டும்.

பயிற்சியாளரை நீக்குவதற்கு முன், முன்வரிசையில் இருக்கும் நால்வரைப் பாருங்கள். அவர்கள் மட்டுமே குவார்ட்டர்பேக்கை நெருக்க முடிந்தால் மீதி ஏழு பேர் பின்னால் நின்று காக்கலாம். முடியாவிட்டால் ஐந்தாவது, ஆறாவது ஆளை பிளிட்ஸுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் விட்டுவந்த இடத்தை எதிரணி குவார்ட்டர்பேக் அடுத்த கணமே கண்டுகொள்வார். ரிசீவரை ஒட்டி ஓடித் தடுக்கும் எந்தக் கார்னர்பேக்காலும் ஒருவரை நான்கு விநாடி காக்க முடியாது. உங்கள் குவார்ட்டர்பேக்குக்குக் கிடைக்காத நேரம் எதிரணிக்காரருக்குக் கிடைக்கிறது என்பதே பல ஆட்டங்களில் முழு விளக்கம். அப்படிப்பட்ட அணியில் குவார்ட்டர்பேக்கும் பாஸ் டிஃபென்ஸும் இரண்டு தனிக் குறைகள் என்று நான் எண்ணுவதில்லை.

கேள்வி: எங்கள் கார்னர்பேக் ரிசீவரோடு ஒட்டியே ஓடுகிறார், ஆனால் பந்து வரும்போது திரும்பிப் பார்ப்பதே இல்லை. இது கவனக்குறைவா? (ஒரு வாசகி, ஆன் ஆர்பர்)

பதில்: பெரும்பாலும் பயம். ரிசீவருக்குத் தான் எங்கே திரும்பப் போகிறோம் என்பது தெரியும். கார்னர்பேக் அதை அவருடைய இடுப்பின் அசைவிலிருந்து ஊகிக்க வேண்டும். அரையடி பின்தங்கிய நிலையில் தலையைத் திருப்பினால் ஓட்டம் குறைந்து அந்த அரையடி இரண்டடி ஆகிவிடும். ஆகவே பந்தைப் பார்க்காமல் ரிசீவரின் கைகளைப் பார்த்து, அவை உயரும்போது தட்டிவிடப் பயிற்றுவிக்கிறார்கள். சில அங்குலம் தவறி, பந்து வருமுன் ரிசீவரைத் தடுத்துவிட்டால் குற்றம்.

அந்தக் குற்றத்துக்குக் கல்லூரி விதிப்படி அதிகபட்சம் 15 யார்டும் ஒரு முதல் டவுனும்தான் தண்டனை. தொழில்முறை லீக்கிலோ குற்றம் நடந்த இடத்துக்கே பந்து போய்விடும். நாற்பது யார்டு தூரத்தில் தோற்றுப்போன கல்லூரிக் கார்னர்பேக், ரிசீவரின் சட்டையைப் பிடித்து இழுத்துவிடுவதே லாபம். அனுபவசாலிகள் அதைத் தயங்காமல் செய்வார்கள். களத்தின் அமைப்பும் அவருக்கு எதிரானதே. கல்லூரி மைதானத்தில், பந்தை வைக்கும் இடத்தைக் குறிக்கும் இரண்டு ஹாஷ் வரிசைகளுக்கு நடுவே 40 அடி. பந்து ஒரு வரிசையில் வைக்கப்பட்டால் ஒருபுறம் 60 அடி, மறுபுறம் 100 அடி. அந்த நூறடிப் பக்கத்தில் தனியாக நிற்பவரைத்தான் நீங்கள் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

கேள்வி: 2024 முதல் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வந்துவிட்டதே, பின்னும் தடுப்பாட்டத்தில் ஏன் இத்தனை குழப்பம்? (ஒரு மாணவர்)

பதில்: பயிற்சியாளரின் குரல் களத்தில் ஒருவருக்கு மட்டுமே கேட்கும், அடுத்த டவுனைத் தொடங்கத் தரப்படும் நேரத்தில் 15 விநாடி மீதமிருக்கும்போது அதுவும் நின்றுவிடும். நல்ல அணிகள் அந்தப் பதினைந்துக்காகக் காத்திருந்து, பிறகே தங்கள் வரிசையை மாற்றுகின்றன.

கேள்வி: பந்தை முன்னோக்கி எறிவதே ஒரு காலத்தில் விதிமீறலாமே? (ஒரு வாசகர்)

பதில்: ஆம். 1905இல் களத்தில் நேர்ந்த உயிரிழப்புகளுக்குப் பிறகு, 1906இல்தான் அனுமதித்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் எறிந்த முதல் பாஸ் யார் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்தது. அன்றைய விதிப்படி பந்து எதிரணிக்குப் போய்விட்டது. அன்றும் கூட்டத்தில் யாராவது அவரைத் திட்டியிருப்பார்கள்.

கேள்வி: சொந்த அணியின் குவார்ட்டர்பேக்கையே அரங்கில் கூவிக் கேலி செய்வது சரியா? என் கல்லூரி நண்பர்கள் ‘காசு வாங்குகிறார், கேட்டுக்கொள்ளட்டும்’ என்கிறார்கள். (ஒரு மாணவி)

பதில்: 2021 செப்டம்பர் 25 அன்று நார்மனில், வெஸ்ட் வர்ஜீனியாவுக்கு எதிரான ஆட்டத்தின் நடுவிலேயே ஓக்லஹோமா மாணவர்கள் ‘எங்களுக்குக் கேலப் வேண்டும்’ என்று கோஷமிட்டார்கள். களத்தில் இருந்தவர் ஸ்பென்சர் ராட்லர். அணி அன்று 16–13 என்று வென்றது. இரண்டு வாரம் கழித்து டெக்சாஸுக்கு எதிராக அணி 28–7 என்று பின்தங்கியிருந்தபோது கேலப் வில்லியம்ஸ் வந்தார், 55–48 என்று வென்றார்கள். கோஷமிட்டவர்கள் வென்றதாக நினைத்தார்கள். 48 கொடுத்த டிஃபென்ஸைப் பற்றி அன்றிரவு யாரும் பேசவில்லை.

பருவம் முடிந்ததும் பயிற்சியாளர் லிங்கன் ரைலி தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனார், வில்லியம்ஸும் பின்னாலேயே போய் 2022இல், ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது பெற்றார். அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் அவர் 462 யார்டும் ஐந்து டச்டவுனும் எறிந்தும், அவருடைய அணியின் டிஃபென்ஸ் டுலேனிடம் 46 புள்ளி கொடுத்து ஒரு புள்ளியில் தோற்றது. தென் கரோலினாவுக்கு மாறிய ராட்லர் 2022 நவம்பரில் டென்னசிக்கு எதிராக ஆறு டச்டவுன் எறிந்து 63–38 என்று வென்றார். நார்மனில் யாருடைய பெயரைச் சொல்லிக் கூவினார்களோ அவரும், அந்தக் கூவலைக் களத்தில் நின்று கேட்டவரும் அடுத்த பருவத்தில் அங்கே இல்லை.