கேளுங்கள், சொல்கிறோம்: கணக்குப் பேராசிரியருக்கு ஏன் ஸ்லைடு பிடிக்கவில்லை?

கேள்வி: எல்லா வகுப்பிலும் ஸ்மார்ட் போர்டு மாட்டி, எல்லாத் துறைக்கும் ஒரே பயிற்சி கொடுத்தோம். வணிகவியல் துறையார் விடாமல் பயன்படுத்துகிறார்கள். கணிதத் துறையார் தொடுவதே இல்லை. வயதா, பிடிவாதமா?
– கல்லூரி முதல்வர், தேவகோட்டை

பதில்: இரண்டும் இல்லை. ஒரு கருவியை ஒருவர் ஏற்பது, 'இது எனக்குப் பயன்படுமா, கையாள எளிதா' என்ற இரண்டு எண்ணங்களைப் பொறுத்தது என்று அமெரிக்க ஆய்வாளர் ஃப்ரெட் டேவிஸ் 1989-இல் எழுதினார். வணிகவியலில் டாலி என்ற கணக்கு மென்பொருளும் எக்செலும் பாடத்திலேயே இருக்கின்றன. பயன்படுமா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. கணிதத்தில் ஒரு தேற்றத்தின் நிறுவல் வரிவரியாக வளர வேண்டும். ஏழாவது வரி எழுதும்போது இரண்டாவது வரி கண்ணெதிரே நிற்க வேண்டும். ஸ்லைடு மாறினால் அது போய்விடும். கையால் எழுதும் வேகத்தில்தான் மாணவர் யோசித்துக்கொண்டே வர முடியும். ஸ்லைடில் எட்டு வரியும் ஒரே நொடியில் வந்து விழுகின்றன. இதை உணர்ந்து ஒதுக்குபவரைப் பிடிவாதக்காரர் என்பது நியாயமில்லை.

அவர்களுக்கு இன்னொரு ஸ்லைடு பயிற்சி வேண்டாம். செல்போனை ஸ்டாண்டில் மாட்டி, மேசையில் உள்ள தாளுக்கு ஓர் அடி மேலே கீழ்நோக்கி வைத்து, அந்தப் படத்தைத் திரைக்கு அனுப்பச் சொல்லுங்கள். கோடு போடாத ஏ4 தாள், தடித்த கறுப்பு ஜெல் பேனா போதும். வலக்கைக்காரருக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர வேண்டும். இல்லையென்றால் கை நிழல் எழுத்தின் மேலேயே விழும். கை அசையும்போதெல்லாம் கேமரா ஃபோகஸ் தேடி எழுத்தை மங்கலாக்கும். தாளின் மேல் திரையில் அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டுத் தொடங்கவும்.

திரையால் மட்டுமே ஆகக்கூடிய காரியமும் உண்டு. ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் இருபடிச் சார்பின் முதல் கெழுவுக்கு (ax² + bx + c-யில் a) ஸ்லைடர் வைத்து –5-இலிருந்து 5 வரை மெதுவாக இழுங்கள். பூஜ்யத்தில் பரவளையம் நேர்கோடாகிறது. தாண்டியதும் மறுபக்கம் திரும்புகிறது. இதைக் கரும்பலகையில் காட்ட வழியே இல்லை. ஒரு கணித ஆசிரியரின் மனம் மாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

இதற்கெல்லாம் தயாரிப்பு நேரம் வேண்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரத்தைக் கால அட்டவணையிலேயே ஒதுக்குங்கள். அதைச் செய்யாமல் பயிற்சிச் சான்றிதழை மட்டும் கேட்டால் சான்றிதழ்தான் வரும்.

கேள்வி: பாமினி எழுத்துருவில் அடித்த வினாத்தாளைக் கூகுள் ஃபார்மில் ஒட்டினால் ஆங்கில எழுத்தாகச் சிதறுகிறது. தமிழுக்கு இதெல்லாம் ஒத்துவராது என்கிறார்கள் துறையில்.
– தமிழ்ப் பேராசிரியை, புதுவயல்

பதில்: கோளாறு எழுத்துருவில்தான் அம்மா. பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த பழைய ஏற்பாடு. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அடியிலிருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற மென்பொருளில், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றி, கொம்பும் காலும் சேரும் எழுத்துகளை ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள்.

சொல்லாக எழுதும் விடைகளைத் தானியங்கித் திருத்தத்துக்கு விடாதீர்கள். 'தமிழ்ப்பாடம்', 'தமிழ்ப் பாடம்' இரண்டும் உங்களுக்குச் சரி, கணினிக்கு வேறு வேறு. யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். பார்வைக்கு ஒன்றாயிருந்தும் சில மென்பொருள்கள் பொருந்தவில்லை என்றுவிடும். தெரிவு வினாக்களை மட்டும் இயந்திரம் திருத்தட்டும்.

உங்கள் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்கள்தான் இன்று சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகத்தின் அடித்தளம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் சங்க நூல்களின் மூலபாடம் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய பதிப்பின் பக்கத்தையும் இன்றைய பாடத்தையும் திரையில் அருகருகே வைத்துப் பாடபேதம் (பதிப்புக்குப் பதிப்பு சொல் மாறுவது) நடத்திப் பாருங்கள். தமிழ்த் துறைக்கு இதைவிடப் பொருத்தமான பயன்பாடு எங்களுக்குத் தெரியவில்லை.

கேள்வி: மகள் பி.எஸ்சி. வேதியியல் படிக்கிறாள். இணையத்திலேயே மெய்நிகர் ஆய்வகம் இருந்தும் ஆசிரியர் வேண்டாம் என்கிறாராம். காலத்துக்கு ஒவ்வாதவரா?
– பெற்றோர், கானாடுகாத்தான்

பதில்: பாதி சரியாகச் சொல்கிறார். பியூரெட் என்ற அளவுக்குழாயின் நுனியில் சிக்கிய காற்றுக்குமிழை முதலிலேயே வெளியேற்றாவிட்டால், தரம்பார்த்தலின் (டைட்ரேஷன்) நடுவில் அது வெளியேறி, அளவைக் கூட்டிக் காட்டும். நிறங்காட்டியான ஃபினாஃப்தலீனின் வெளிர்சிவப்பு அரை நிமிடம் கலையாமல் நிற்கும் சொட்டில் குழாயை நிறுத்தக் கை பழக வேண்டும். சுட்டியைச் சொடுக்கி இது வராது. ஆனால் முந்தின நாள் மாலை வீட்டில் ஒருமுறை திரையில் செய்துவிட்டு வரும் பெண், எதன் பின் எது என்று திகைக்காமல் பியூரெட்டைக் கவனிப்பாள். ஆய்வகத்துக்குப் பதிலாக இல்லாமல் அதற்கு முன்பாக இதை வைத்துக்கொள்ளலாமா என்று ஆசிரியரிடமே கேட்கச் சொல்லுங்கள், அநேகமாகச் சம்மதிப்பார்.