பட்டறைப் பதில்கள்: நாற்காலியா, கொட்டகையா?

கேள்வி: கோலாலம்பூரில் வடிவமைப்புப் படிக்கும் என் மகள் ரப்பர் மரச் சட்டங்களால் ஒரு நாற்காலி செய்திருக்கிறாள். முதுகுச் சட்டங்கள் ஆள் உயரத்துக்கு எழும்பி, தலைக்கு மேல் கூரையாக மடங்குகின்றன. "இது நாற்காலியா, காவல் கொட்டகையா?" என்று கேட்கிறார் தாத்தா. என்ன பதில் சொல்ல?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இரண்டும்தான் என்று பெரியவரிடம் சொல்லுங்கள், சகோதரி. நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் கெரிட் ரீட்வெல்ட் என்றொரு தச்சர் இருந்தார், தச்சரின் மகன். 1918 வாக்கில் அவர் செய்த நாற்காலியின் படம் என் பட்டறைச் சுவரில் இருக்கிறது. அதில் சட்டத்துக்குள் சட்டம் கழுந்தாக, அதாவது செதுக்கிய முனையாக, நுழைவதில்லை. ஒன்றையொன்று ஒட்டிக் கடந்து, சந்திப்புக்கு அப்பாலும் சற்று நீள்கின்றன. உள்ளே மறைந்திருக்கும் மர ஆணி பிடித்துக்கொள்கிறது. வண்ணம் பின்னால் வந்ததுதான்: முதுகு சிவப்பு, இருக்கை நீலம், கறுப்புச் சட்டங்களின் வெட்டுமுனையில் மட்டும் மஞ்சள். 1924-இல் அவரே ஷ்ரோடர் என்ற அம்மையாருடன் சேர்ந்து அந்த அம்மையாருக்கு ஒரு வீட்டை வடிவமைத்தார். மாடியில் நகரும் தடுப்புகள். மூலை ஜன்னலைத் திறந்தால் மூலையே இருக்காது. நாற்காலியில் பழகிய கைதான் அந்த வீட்டையும் எழுப்பியது. உங்கள் மகளும் அந்த வழியில்தான் போகிறாள். வீண்வேலை என்று யாரையும் சொல்ல விடாதீர்கள்.

ஆனால், தாத்தாவை அதில் உட்காரவைத்துப் பாருங்கள். முதுகு உயர உயர, சாயும் பாரம் இருக்கையும் முதுகும் கூடும் இடத்தை நெம்பும். அங்கே வெட்டுமுனையில் திருகாணி முடுக்கியிருந்தால் நாளடைவில் பிடி தளரும். அதைக் கழற்றிவிட்டு மர ஆணியும் பசையும் போடச் சொல்லுங்கள். பின்கால்களையும் இன்னும் பின்னுக்குத் தள்ளவேண்டும். இல்லையேல் சாய்ந்ததும் கவிழும்.

அவள் ரப்பர் மரத்தை எடுத்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. என் அப்பா பால் வெட்டிய மரங்களெல்லாம் முதிர்ந்தபின் விறகாகத்தான் போயின. வெட்டிப் போட்ட சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாயும், வண்டு துளைக்கும். போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகே அது தளவாட மரமானது. மகள் வாங்கியது அப்படிப் பதப்படுத்திய மரமா என்று கேளுங்கள். ஊசித்துளையும் அதனடியில் வெள்ளைத் தூளும் தெரிந்தால், வண்ணம் பூசுவதற்குள் அந்தச் சட்டத்தை மாற்றிவிடவேண்டும்.